மச்சானின் மொறிஸ் மைனர்

மதுஷி,

சோறும் பருப்பும் அடுப்புல மூடியிருக்கு. பத்து மணி பஸ்ல பல்லேபொலயில இருந்து அத்தை வர்றாங்க. அதுக்கு முன்னால இத வாசிச்சிரு.

உங்க அண்ணன் ஒட்டிச் செஞ்ச பிளாஸ்டிக் மொறிஸ் மைனர் பொம்மைக் காரப் பத்தி நேத்து சண்ட போட்டோம். "சாகுறதுக்கு முந்தின வாரம் நடுங்குற கையால ஒட்டினது, கோணலாவே இருக்கட்டும்"னு நீ சொன்ன. "பசை வழிஞ்ச குப்பையவா அலுமாரியில வைப்ப?"ன்னு நான் கேட்டேன். அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. சக்கரத்த நேராக்கி, அவரு அது மேல பூசின கேட் பெயின்ட சுரண்டிட்டுக் குடுத்தா நீ சந்தோசப்படுவன்னு நெனச்சிட்டேன்.

குளிர்ல பழைய பசை விட்டுரும்னு ராத்திரி ஃப்ரீசர்ல மீனுக்குப் பக்கத்துல வச்சேன். காலையில நீ சர்ச் பூசைக்குப் போனப்புறம் எடுத்தேன். கூரை தனியா கழண்டு வந்திச்சு. உள்ள பின் சீட்டுல, காஞ்ச பசையில, மச்சானோட பெருவிரல் ரேகை. அடக்கம் பண்ணி பதினோரு மாசமாச்சு. இப்பத்தான் கைய எடுத்த மாதிரி இருக்கு.

அதுக்கு மேல பிரிக்கல. மேசையில துவாய் போட்டு மூடியிருக்கேன். அத்தைக்கு அவங்க மகனோட ரேகையக் காட்டுறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு. சீகிரியா ஹோட்டல்ல டியூட்டி முடிஞ்சு வெள்ளிக்கிழம வருவேன். நீ சொன்னா, பழையபடி கோணலாவே ஒட்டித் தர்றேன்.

கிறிஷாந்த்

மீனுக்கு உப்பு போட்டாச்சு. திரும்பப் போடாத.

இன்னொண்ணு. அந்த ரேகை மேல என் விரல வச்சுப் பாத்தேன். பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருந்திச்சு. திரும்பிப் பாக்காமலே, "மன்னிச்சிருங்க மச்சான்"னு சொல்லிட்டேன்.