ஆறு மூலைத் தண்டும் நான்கு மூலைச் சாவியும்

அனுப்புநர்
அ. சவரியம்மாள்,
க/பெ. அந்தோணிசாமி (மதகு லஸ்கர்),
மதகடிக் குப்பம், மரக்காணம் உப்பளம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
கரை, மதகுப் பராமரிப்புப் பிரிவு,
வானூர்.

பொருள்: எட்டுக் கண் மதகின் புதிய பலகைகளுக்குப் பழைய சாவி பொருந்தாமை – தீபாவளி அமாவாசைக்கு முன் புதிய சாவி வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆனி மாதத்திலேயே தங்கள் சமூகத்திற்கு வந்திருக்க வேண்டிய இம்மனு ஐப்பசியில் வருகின்றது. இத்தாமதத்திற்கு முதற்கண் மன்னிப்பை வேண்டுகிறேன். அச்சத்தினால் தாமதித்தேன். அதன் காரணத்தை ஐந்தாவது பத்தியில் ஒளிக்காமல் எழுதியுள்ளேன்.

1. இம்மனு கூலிக்கு எழுதுபவரைக் கொண்டு எழுதப்பட்டதன்று. நான் பள்ளி சென்றவள் அல்லள். உப்பு மூட்டைகளின்மேல் மை தடவி அச்சிடும் பெயர்களைப் பார்த்து எழுத்துக் கூட்டி, பின்னர் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களைப் படித்துத் தேறியவள். இதில் பிழை இருப்பின் அது என்னுடையதே.

2. எங்கள் மதகு எட்டுக் கண் உடையது என்பது தாங்கள் அறிந்ததே. மேற்கே மழை பெய்து வெள்ளம் வந்தால் கண்களை அடைக்கும் இரும்புப் பலகைகளைத் தூக்க வேண்டும். கடல் ஏறினால் இறக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரே நாளில் இரண்டும் நேரும். ஒவ்வொரு பலகைக்கும் மேலே ஒரு திருகு தண்டு உண்டு. அதன் தலை நான்கு மூலையாக இருக்கும். ஒரே சாவியை எட்டிலும் மாட்டித் திருப்புவது வழக்கம். என் கணவர் அந்தச் சாவியைத் தோளில் சுமந்து பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்து வருகிறார். அதற்கு முன் அவருடைய மாமன் அதே சாவியைச் சுமந்தார்.

3. கடந்த ஆனியில் துருப்பிடித்த நான்கு பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவை பொருத்தினார்கள். பலகைகளில் குறை ஒன்றுமில்லை. ஆனால் புதிய தண்டுகளின் தலை ஆறு மூலையாகவும் பழையதைவிடச் சிறுத்தும் உள்ளது. பழைய சாவி அதில் மாட்டும், பிடிக்காது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பொருத்திக் காட்டிய சாவியைத் தம் லாரியிலேயே எடுத்துச் சென்றுவிட்டனர். என் கணவர் கேட்டதற்கு மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏம்பா அந்தோணி, பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சாவிய தூக்கினு திரிவியா? மீதி நாலையும் வர்ற வருசம் மாத்திடுவோம். அப்ப ஒரே சாவிதான். அதுவரைக்கும் சமாளி.” பின்னர் ஒரு தாளில் என் கணவரிடம் கைநாட்டு வாங்கினார். அச்சமயம் நான் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். அவர் விட்டுச்சென்ற அத்தாளின் நகலில் “சாவி உட்பட யாவும் பெறப்பட்டன” என்று எழுதியிருந்ததை மாலையில்தான் படித்தேன்.

4. கூனிமேட்டுக் கொல்லர் ராஜாங்கம் அவர்களிடம் ஆறு மூலைச் சாவி ஒன்று அடித்துத் தரும்படி மன்றாடினோம். “சர்க்கார் பூட்டுக்கு மாத்துச் சாவி போட்டா என்னத்தான் உள்ள வைப்பாங்க, தாயீ. ஆபீஸ்லேர்ந்து ஒரு கடுதாசி வாங்கினு வா, ஒரே நாள்ல அடிச்சித் தர்றேன்” என்று கூறிவிட்டார். இது பூட்டன்று, திருகு என்று எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவர் இணங்கவில்லை.

5. ஐயா, வேறு வழி தெரியாமல் என் கணவர் தண்டின் தலையில் ஈரச் சாக்குத் துணியைச் சுற்றி, அதன்மேல் பழைய சாவியை இறுக்கித் திருப்பி வந்தார். நான்கு மாதங்கள் அவ்வாறே ஓடின. சாக்கு கிழியும்போதெல்லாம் சாவி வழுக்கி இரும்பை உரசியது. இன்று ஐந்தாம் கண்ணின் தண்டில் ஆறு மூலையுமில்லை, நான்கு மூலையுமில்லை. உருண்டையாகிவிட்டது. இது சர்க்கார் பொருளுக்கு நேர்ந்த சேதம். அதைச் செய்தது என் கணவரின் கை. சாவி பெற்றதாகக் கைநாட்டும் உள்ளது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவர் வேலை போய்விடும் என்றே இந்நாள்வரை வாய் திறவாதிருந்தோம். இம்மனுவை நான் எழுதுவதை அவர் அறியார்.

6. இனி வாய் மூடியிருக்க இயலாது. கடந்த புதன்கிழமை, பௌர்ணமியன்று, மழை வெள்ளத்திற்காகத் தூக்கிய பலகைகளைக் காலை எட்டு மணிக்குக் கடல் ஏறும்போது இறக்க என் கணவர் முயன்றார். ஐந்தாம் பலகை பாதியில் நின்றுவிட்டது. உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக் கலியன் சாவியை அழுத்த, அது வழுக்கித் திரும்பி அவருடைய முன்பற்கள் இரண்டைப் பெயர்த்துவிட்டது. “மதகு மூடல, அண்ணி, என் வாயத்தான் மூடிடுச்சி” என்று இரத்தத்தைத் துப்பிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு பாதிக் கண் வழியே வந்த கடல்நீர் குப்பத்து இருபத்திரண்டு வீடுகளிலும் கணுக்கால் அளவு நின்றது. குடிநீர்க் குட்டை கரித்துவிட்டது. அன்று காற்று இல்லை. காற்றில்லாத பௌர்ணமிக்கே இவ்வளவு.

7. தீபாவளி அமாவாசைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அன்று காற்றும் சேர்ந்து அடித்தால் கண்ணுக்குள் இறங்கி அந்தப் பலகையைக் கையால் இழுத்து இறக்கப்போவதாக என் கணவர் சொல்கிறார். தண்ணீரின் வேகத்தில் அப்பலகையின் கீழே நிற்பவர் என்ன ஆவார் என்பதைப் பொறியாளராகிய தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். நான் இரண்டு நாட்களாகச் சோறு பொங்குகிறேன், உண்ண முடியவில்லை. கடற்பக்கம் காற்று மாறும்போதெல்லாம் எழுந்து மதகைப் பார்த்து வருகிறேன்.

8. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து ஆறு மூலைச் சாவி ஒன்றை உடனே அனுப்புமாறும், ஐந்தாம் கண்ணின் தண்டை மாற்றித் தருமாறும் வேண்டுகிறேன். சாவி கைவசம் இல்லையெனில், கொல்லர் ராஜாங்கம் அதைச் செய்யலாம் என்று இரண்டு வரி எழுதி முத்திரையிட்டுத் தந்தாலும் போதும். நானே நேரில் வந்து பெற்றுச் செல்வேன். என் கணவர்மீது நடவடிக்கை எடுப்பது தங்கள் கடமையானால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அதை அமாவாசை கழிந்த பின்னர் எடுங்கள். சாவியை அதற்கு முன்னர் கொடுங்கள்.

என் கணவருக்குப் படிக்கத் தெரியாது. பதிலை என் பெயருக்கே அனுப்பவும். விரைவில் பதில் தரவும்.

இடம்: மதகடிக் குப்பம்
நாள்: 4-11-1974

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
அ. சவரியம்மாள்
(கையொப்பம்)