பழைய கணக்கில் நீ போட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரம்

ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. இங்கே காலை 6:42, நீ இருக்கும் டார்வினில் 6:12. பணம் எடுக்கப்பட்டது மூன்று முறை. மொத்தம் 1,501 டாலர்.

அன்பு மகள் எபனேசாவுக்கு,

நானும் அம்மாவும் தம்பியும் உடம்பில் குறையில்லாமல் இருக்கிறோம். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேட்கிறேன், மற்றதைக் கேட்க இன்று எனக்கு வாய் இல்லை. தம்பியின் முழங்கால் வீக்கம் இறங்கிவிட்டது, சனிக்கிழமை ரக்பி ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவன் டாக்டரை மாற்றச் சொல்கிறான். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் பாதியில் நீ அழுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்குவாள், சொல்ல வேண்டியது நின்றுபோகும். எழுதினால் ஒழுங்காக வரும். முடித்ததும் படமெடுத்து அனுப்புகிறேன், காகிதத்தைத் தபாலில் போடுகிறேன், இரண்டையும் வைத்துக்கொள்.

காலையில் நீ அனுப்பிய செய்தியை இன்று இருபது தடவையாவது படித்திருப்பேன். "அப்பா, நம்ம பழைய கணக்குல எவனோ புகுந்து திருடிட்டான். என் காலேஜ் காசு போச்சு. பேங்க்ல புகார் குடுத்துட்டேன், நீங்க பயப்படாதீங்க" என்று எழுதியிருந்தாய். நான் "பார்க்கிறேன்" என்று ஒரே ஒரு சொல் பதில் போட்டேன். அப்போது ஒரு கறிக்கடையின் குளிர் அறைக்குள் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தேன், உள்ளே இரண்டு டிகிரி, எனக்கு வேர்த்தது. ஏனென்றால் திருடன் யார் என்று எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அது நான்தான்.

பிப்ரவரியில் தாலிதா அத்தை இறந்தபோது நீயும் இருந்தாய், சர்ச் ஹாலில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். பெரியப்பா ஃபிலெமோனி எழுந்து, நாம் ஏழு வீடு, வீட்டுக்கு அறுநூறு என்று சொன்னார், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்க மீன் டின் பெட்டிகள், உப்புக்கறி வாளிகள், போதகர்களுக்குப் பண உறைகள், சமோவாவிலிருந்து சாவுக்கு வைக்கும் பாய்கள் வர விமானச் செலவு, எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் கையில் இருக்க வேண்டும். தலையாட்டியவர்களின் கையில் வெள்ளிக்கிழமை எதுவும் இல்லை. பெரியப்பா என் தோளில் கை போட்டு, "தம்பி, உனக்குத்தான் மாசாமாசம் சம்பளச் சீட்டு வருது, நீ இப்ப எடுத்துப் போடு, நாங்க குடுத்துர்றோம்" என்றார். குடும்பத் தலைவர் பட்டம் வைத்திருப்பவர் நடு ஹாலில் அப்படிச் சொன்னால் நான் என்ன சொல்ல முடியும். கையில் இருந்த இருநூறு போக, மறுநாள் மதியம் வேனில் உட்கார்ந்து போனிலேயே ஒரு கம்பெனியில் நாலாயிரம் டாலர் கடன் எடுத்தேன். பதினொரு நிமிடத்தில் வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 186 டாலரை அவர்களே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், அதற்கு அனுமதி என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டேன்.

அங்கேதான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். என் சம்பளக் கணக்கின் எண்ணைக் கொடுக்கவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில் உன் பெயரும் என் பெயரும் சேர்த்துத் திறந்தோமே, அந்தக் கணக்கைக் கொடுத்தேன். அதற்குக் கார்டு கிடையாது, அது காலியாகத்தான் கிடந்தது. தவணை நாளன்று மட்டும் 186 டாலரை அதற்குள் தள்ளிவிடுவேன், கடன்காரன் கை என் சம்பளம் வரை நீளாது. ஒரு பழுது மொத்த மெஷினையும் கெடுக்காமல் இருக்கத் தனி ஃபியூஸ் போடுவது மாதிரி. ஜூன் வரை ஓடியது. ஏழு வீட்டில் இரண்டு வீடுதான் பங்கைக் கொடுத்தது, அதில் ஒன்று நம்முடையது. எனக்கு வெறுத்துப்போய்ப் பணம் தள்ளுவதை நிறுத்தினேன். காலிக் கணக்கிலிருந்து எதை எடுப்பான், இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். கம்பெனி அனுப்பிய மெயில்களைத் திறக்கவே இல்லை. வேலையில் ஒரு பையன் இப்படி எச்சரிக்கை விளக்கைப் பார்க்காமல் விட்டால் நான் அவனை என்ன திட்டு திட்டுவேன் என்று உனக்குத் தெரியும்.

இன்று பத்து மணிக்கு வேலையை விட்டுவிட்டு பேங்குக்குப் போனேன். செலின் என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். நான் சத்தமாகத்தான் ஆரம்பித்தேன். அவள் திரையை என் பக்கம் திருப்பி, "சார், இது திருட்டு இல்ல. இங்க பாருங்க, பிப்ரவரில நீங்களே அனுமதி குடுத்திருக்கீங்க. ஜூன்லேர்ந்து பதினோரு தடவை வந்து பாத்துட்டு வெறுங்கையோட போயிருக்காங்க. பன்னெண்டாவது தடவை காசு இருந்துச்சு" என்றாள். கணக்குதான் காலியாக இருந்ததே, எதற்கு வந்து வந்து தட்டுகிறார்கள் என்று கேட்டேன். "கணக்கு காலியானா அனுமதி செத்துராது சார். நீங்க ரத்து பண்ற வரைக்கும் அது உசுரோடதான் இருக்கும்" என்றாள். பக்கத்து வரிசையில் நின்ற கிழவர், "அவங்களுக்கு என்னப்பா, மெஷினுக்குக் கால் வலிக்கவா போகுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எபனேசா, நான் மெயின் சுவிட்சை அணைக்காமல் பல்பை மட்டும் கழற்றி வைத்துவிட்டேன். நீ வந்து அந்த ஓட்டைக்குள் கையை வைத்துவிட்டாய்.

அனுமதியை ரத்து செய்யச் செலினுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா, நாலு நிமிடம். கடன் கம்பெனியிடம் கேட்க வேண்டியதில்லை, பேங்கில் சொன்னாலே போதுமாம். ஜூனிலிருந்து எந்த நாளும் செய்திருக்கலாம். பத்தொன்பது வருடமாகக் குளிர்பதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறேன், எதைத் தொடும் முன்னும் மின்சாரத்தை நிறுத்து என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன், நாலு நிமிட வேலையைச் செய்யவில்லை.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. உனக்கு டார்வினில் புதுக் கணக்கு இருக்கிறதே, நர்சிங் ஃபீஸை எதற்கு இந்தப் பழைய கணக்கில் போட்டாய் என்று. அம்மாதான் சொன்னாள். புதுக் கணக்கிலிருந்து வீட்டு வாடகை, போன், அறைத்தோழிகளின் கரண்ட் பில் எல்லாம் தானாகப் போகிறது, திங்கட்கிழமை ஃபீஸ் கட்டுவதற்குள் எவராவது எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, கார்டு இல்லாத கணக்காகத் தேடி நேற்று மாலை அங்கே ஒளித்து வைத்தாயாம். அதாவது நான் செய்த அதே தந்திரம். நீ என் மகள்தான், இதில் மட்டும் வேறு யார் மாதிரியாவது இருந்திருக்கலாம்.

கம்பெனிக்கும் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒருவன் மிக மரியாதையாகக் கணக்குச் சொன்னான், விட்டுப்போன ஐந்து தவணை 930, இந்தத் தவணை 186, பதினொரு தடவை வெறுங்கையோடு போனதற்குத் தலா 35 வீதம் 385. அது என் மகளின் படிப்புக் காசு என்றேன். "அக்கவுண்ட்ல உங்க பேரும் இருக்கே சார்" என்றான். கஷ்டம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் தவணையைக் குறைத்திருப்பார்களாம், சட்டமே அப்படித்தானாம். அபராதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன், பரிசீலிக்கிறோம் என்றான். 1,116 டாலர் நான் தர வேண்டியது, அதில் எனக்குச் சண்டை இல்லை. 385-ஐ நான் விடப் போவதில்லை.

அங்கிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். வேறு யாராவது என்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சுற்றி வளைத்துப் பேசியிருப்பார்கள், எனக்கு அது வராது. அண்ணே, அக்கா சாவுக்கு எடுத்த கடனில் எபனேசா ஃபீஸ் போய்விட்டது, உங்கள் பங்கு அறுநூறு எங்கே என்று கேட்டேன். "இன்னுமாடா அந்தப் பேச்சு? ஆறு மாசம் ஆச்சு, செத்தவளை நிம்மதியா இருக்க விடு" என்றார். அக்கா நிம்மதியாகத்தான் இருக்கிறாள், எனக்குத்தான் இல்லை என்றேன். "கடவுளுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கறியா?" என்றார். கடவுள் காலை 6:42-க்கு என் கணக்கைத் திறக்கவில்லை என்றேன். அவர் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் குழாயை மூடிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடன் எடுத்தது அவளுக்குத் தெரியும், கணக்கு எண் தெரியாது. அவள் கத்தவில்லை. பாடகர் குழுவுக்குத் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டு, "பொண்ணோட படிப்புக் காசுல உங்க அக்காவைப் பொதச்சிருக்கீங்க" என்றாள், அவ்வளவுதான். இதை உனக்கு எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். அது உண்மை என்பதால் எழுதுகிறேன்.

இப்போது பணம். நம்மைப் போல நியூசிலாந்து பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு இங்கே இருப்பவர்களுக்கு அரசாங்கக் கல்விக்கடன் கிடையாது, அதனால் திங்கள் மாலை ஐந்து மணிக்குள் 1,850 கட்டாவிட்டால் உன் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், அது எனக்குத் தெரியும். பழைய கணக்கில் 399 மிச்சம் இருக்கிறது. தேவை 1,451. என் முதலாளி மர்ரே என் லீவு நாட்களைக் காசாக்கி 1,100 தருகிறேன் என்றார், "முதல்லயே என்கிட்ட வந்திருந்தா கழுதை, அந்தக் கம்பெனிக்குப் போயிருக்க வேணாமே" என்று திட்டும் சேர்த்து. கராஜில் இருந்த பெரிய ஃப்ரீசரைப் பக்கத்து வீட்டு டோங்காக்காரர் விலியாமிக்கு 350-க்கு விற்றுவிட்டேன், கம்ப்ரஸர் நானே மாற்றியது, இன்னும் பத்து வருடம் ஓடும். அடுத்த சாவுக்குக் கறியை எங்கே வைப்பது என்று அம்மா கேட்டாள். அடுத்த சாவுக்குக் கறியும் நான் வாங்குவதாக இல்லை என்றேன். ஒரு டாலர் குறைகிறது, அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

உன்னிடம் நான் கேட்பது இரண்டு. மிச்சமிருக்கும் 399-ஐ இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு உன் புதுக் கணக்குக்கு மாற்று. பிறகு பேங்குக்குப் போன் செய்து அந்தத் திருட்டுப் புகாரைத் திரும்பப் பெறு, ஏன் என்று கேட்டால் எடுத்தது என் அப்பா என்று சொல். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் மழுப்பாதே. யாருக்காகவும் எங்கேயும் கையெழுத்துப் போடாதே, எந்தக் கட்டத்திலும் டிக் போடாதே, எனக்காகவும் கூட. இரவு டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே. எனக்கும் உனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், அதனால் பல நேரம் உன்னிடம் அண்ணன் மாதிரி நடந்திருக்கிறேன், இன்று அப்பாவாக மன்னிப்புக் கேட்கிறேன். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும்.

இனி நான் செய்யப் போவது:

1. வெள்ளி, காலை 9: கஷ்ட நிலைமை என்று கம்பெனிக்கு எழுத்தில் கொடுப்பேன். மீதிக் கடனை என் சம்பளக் கணக்கிலிருந்து நானே அனுப்புவேன், எடுத்துக்கொள்ளும் அனுமதி இனி எவருக்கும் கிடையாது.

2. வெள்ளி, மதியம்: இலவசமாக உதவும் கடன் ஆலோசகருக்குப் போன். 385 டாலருக்கு முறையான புகார்.

3. வெள்ளி, மாலை 4: 1,451 டாலர் உன் புதுக் கணக்கில் வரும். வந்ததும் எனக்கு அல்ல, அம்மாவுக்குச் சொல்.

4. சனி: என் மற்ற இரண்டு கணக்குகளிலும் யார் யாருக்கு எடுக்கும் அனுமதி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

5. ஞாயிறு, சர்ச் முடிந்து பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டில்: யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நம் வழக்கப்படி எழுந்து நின்று வாசிப்பேன். பிப்ரவரியில் கொடுப்பதாகச் சொன்னதை வாசித்தார்கள், இப்போது கொடுத்ததை. முதலில் என் பெயர்: லாஃபாயேலே, தன் பங்கு அறுநூறு, மகளிடம் கேட்காமல் எடுத்தது ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று. பிறகு மற்ற ஆறு வீடும், பூஜ்யத்தைப் பூஜ்யம் என்றே. அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தட்டு வைப்பார்களா தெரியாது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

6. அடுத்த வாரம்: அந்தப் பழைய கணக்கை மூட வேண்டும். செலின் கொடுத்த படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். என்னுடையதைப் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார், சம்மதம் என்றால் மட்டும் போடு. அந்தக் கணக்கைப் பற்றி உன் சம்மதத்தை நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

உன் அப்பா,
லாஃபாயேலே