எங்கே சாப்பிடுவது என்று கேட்டிருந்தாய்

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மகனும் நானும் பிரிந்த பிறகு இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் வாய்க்கு வரவில்லை. போனில் பேசலாம் என்று பார்த்தேன். உங்கள் குரலைக் கேட்டால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். முட்டி வலி தேவலையா?

ஒரு சங்கதி. எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணைக் காட்டப் போன இடத்தில்தான் பழக்கம். "எந்த எழுத்து வரைக்கும் தெரியுது?" என்றார். "எதுவும் தெரியல, பசியில கண்ணை இருட்டுது" என்றேன். சிரித்துக்கொண்டே தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டார்.

மனிதர் இதுவரை கடலையே பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்ததும் உங்கள் ஊருக்குத்தான் போக வேண்டும் என்கிறார். எந்தக் கடல் வேண்டுமானாலும் சரி, அது மட்டும் வேண்டாமே என்றேன். "நீ இத்தனை வருஷம் இருந்த ஊரு. நான் பார்க்கக் கூடாதா?" என்கிறார். சரி என்றுவிட்டேன். எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று எழுதுங்கள். ஊர் மாறியிருக்கும் இல்லையா?

உங்கள்
குருவி


பிப்ரவரி 11

என் குருவிக்கு,

அத்தை என்றால் புருஷன் வழியாகத்தான் வர வேண்டுமா? அப்பாவின் தங்கையும் அத்தைதான். உன் அப்பா இருந்திருந்தால் எனக்கு அண்ணன் வயது. இனி அந்த வழியில் வைத்துக்கொள்.

கல்யாணச் செய்தி படித்ததும் அடுப்பில் இருந்ததை மறந்து தீய்த்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

கலங்கரை விளக்கத்துக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். மத்தியானம் காற்று ஆளைத் தள்ளும். மீன் ஏலம் பார்க்கப் போனால் பழைய செருப்பைப் போட்டுக்கொள். படகில் போகிறதென்றால் சிவப்புப் படகுக்காரனிடம் மட்டும் ஏறாதே. நடுக்கடலில் டீசல் தீர்ந்துபோச்சு என்று பல்லைக் காட்டுவான். மீன் காட்சி சாலையில் புதிதாக ஓர் ஆமை வந்திருக்கிறது. நான் இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் தூக்கம்.

காலையில் பாலத்தடி டீக்கடையில் பன் சூடாக இருக்கும். மத்தியானம் மீன் சுட்டது வேண்டுமென்றால் பழைய கிடங்குக்குப் பின்னால் போ, எலுமிச்சம்பழம் தாராளமாகப் பிழிவார்கள். ராத்திரிக்கு நமக்கு எதிரே இருக்கிற மாடி ஓட்டல். நண்டு நன்றாக இருக்கும். சூப் வாங்கிவிடாதே, பாத்திரம் கழுவின தண்ணீர் அது. மேல் தளத்தில் உட்காருங்கள், கப்பல் விளக்கெல்லாம் தெரியும். ஜோடியாகப் பார்க்க நல்ல இடம்.

ஆசீர்வாதங்களுடன்,
அத்தை


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆமையை எழுப்பிப் பார்த்தே தீருவேன் என்கிறார். எல்லாக் கடையும் எழுதியிருக்கிறீர்கள், பன் கடை உட்பட. நம் சாப்பாட்டுக் கடையை மட்டும் காணோம்.

மறந்துவிட்டீர்களோ என்று நினைக்கலாம். யார் எந்த மேசையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை ஒரு வாரம் கழித்துச் சொல்கிறவர் நீங்கள். எனக்கு வருத்தமில்லை. இல்லை, இருக்கிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

குருவி


மார்ச் 1

என் குருவிக்கு,

நீ கேட்பாய் என்று தெரியும். கேட்காமல் இருக்க மாட்டாளா என்றும் நினைத்தேன்.

போன வருஷம் என் மகனுக்கு மறுபடி கல்யாணம் ஆயிற்று. உனக்கு எழுத மனசு வரவில்லை. வந்திருக்கிற சின்னவள் நல்ல பெண். இப்போது மாசமாக இருக்கிறாள். அந்த வயிற்றோடு என் பக்கத்தில் அடுப்படியில் நிற்கிறாள், உட்கார் என்றால் கேட்பதில்லை. நம் கடைக்குச் சாப்பிட வருகிற கப்பல் பைலட் இருக்கிறாரே, அவர் தினமும் ஒரு வாய் வைத்துவிட்டு, "பழைய மருமக கை மாதிரி வரலியே" என்று கூடமே கேட்கும்படி சொல்லுவார். இவள் வெங்காயக் கூடைப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். என்னடி என்றால், வெங்காயம் என்பாள்.

நீ உள்ளே நுழைந்தால் கடையில் வழக்கமாகச் சாப்பிடுகிற அந்தத் தடியன்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று ஆர்ப்பாட்டம் பண்ணுவார்கள். இவள் உள்ளே தனியாக நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். உன்னை வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் கடையை விட்டுவிட்டேன். திட்டுவதென்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அத்தை


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை. கோபம்தான். அவரிடம் புலம்பித் தீர்த்தேன். "அவங்க உன்னைத் தள்ளல. அந்தப் பொண்ணைத் தாங்கறாங்க. உன்னைத் தாங்கினவங்கதானே?" என்றார். அதற்குப் பிறகு கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து உங்கள் ஊருக்கு வந்தோம், அத்தை. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனிதர், கலங்கரை விளக்கத்தின் உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கவே இல்லை. "கடல் எப்படி இருக்கு, சொல்லு" என்கிறார். சொன்னேன். சொல்லிக்கொண்டே நம் கடையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நீங்கள் படியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நிமிரும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டீர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை. கேட்டிருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். கடைப் பக்கம் வருவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

கடைசி நாள் மாடி ஓட்டலில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் கேட்காமலே சர்வர் ஒரு மூடிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார். "எதிர்க்கடையிலிருந்து" என்றார். திறந்தால் மிளகு போட்ட கணவாய் மீன் வறுவல். ஒரு துண்டு வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, உங்கள் கை இல்லை. நீங்கள் மிளகை ஒன்றிரண்டாக இடிப்பீர்கள். இது நைசாக அரைத்தது. யார் செய்தது, அத்தை? யார் சொன்னது?

குருவி


ஏப்ரல் 17

என் குருவிக்கு,

நான் சொல்லவில்லை. மீன் கொடுக்க வந்தவள் உங்களை மாடியில் பார்த்துவிட்டு அடுப்படி வாசலிலேயே கத்தினாள்: "உங்க பழைய மருமக எதிர்ல உட்கார்ந்திருக்கா, புது மாப்பிள்ளையோட!"

சின்னவள் கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, அத்தை?"

"தெரியும்."

"எனக்காகவா அவங்களை இங்க கூப்பிடல?"

நான் தலையை ஆட்டினேன். அவள் அடுப்பைத் தூண்டிவிட்டாள். பிறகு, "நம்ம ஊருக்கு வந்தவங்களை அங்க சாப்பிட விட்டுட்டு இங்க ஒளிஞ்சுக்கிட்டு இருக்கோமா? நல்லா இருக்கு நம்ம லட்சணம்!" என்று வாணலியை ஏற்றினாள்.

நான் மிளகை எடுத்துக்கொண்டு போனேன். "நீங்க தொடாதீங்க. உங்க கைன்னா அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. இது என் கையாவே போகட்டும்" என்றாள். மிளகை அவளே நைசாக அரைத்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தது என் மகன்தான். மாடிப்படிக் கீழேயே சர்வரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டான். வந்து, "சிரிச்சுப் பேசிட்டிருக்கா" என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து இவள் தினமும், "ஏதாவது எழுதினாங்களா? எப்படி இருந்துச்சாம்?" என்று என்னைத் துளைத்தெடுக்கிறாள். நான் என்ன சொல்ல? அவளுக்கே எழுதிவிடு.

அத்தை


ஏப்ரல் 25

அன்புள்ள தங்கைக்கு,

அத்தை உன்னிடமே நேராகச் சொல்லச் சொன்னார்கள். கணவாய் கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது. ரப்பர் மாதிரி இழுத்தது. நிறம் மாறியதும் இறக்கிவிடு, மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும். மிளகை அரைப்பதை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதே. உன் வறுவலில் காரம் ஒட்டி நிற்கிறது, அத்தையும் நானும் இடிக்கிற மிளகு தட்டிலேயே தங்கிவிடும். இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் வழித்துவிட்டார்.

இன்னொன்று. நான் அங்கே இருந்தவரை அந்தப் பைலட் என் சமையலை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "பெரியம்மா கை மாதிரி வரலியே" என்று அத்தையைக் காட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வெங்காயக் கூடைப் பக்கம் போயிருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது.

குழந்தை பிறந்து நீ எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நாங்கள் வருகிறோம். அடுப்படிப் பக்கம் வர மாட்டேன். ஜன்னலோர மேசையில் மற்றவர்களைப் போல உட்கார்ந்திருப்பேன். நீயே வந்து "என்ன சாப்பிடறீங்க?" என்று கேள்.

உன்
அக்கா