இறுக்குவதற்கு இந்தப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: "இது அப்பாவுக்காக."

முதலாளி கேட்ட கேள்விக்கு அதுதான் நேரான பதில். "சஸ்பெண்டர் பக்கிளுக்கு எதுக்கும்மா லிவர்? ஹோட்டல் சர்வருங்க யூனிஃபார்முக்குக் கேக்குறாங்க. தோள்ல மாட்டுற பட்டையைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்பி போதும். சிம்பிளா குடு."

"ஒரு கையாலயே போட்டுக்கலாம் சார். வயசானவங்களுக்கும் விக்கலாம்" என்றேன்.

"எந்த வயசானவங்க?"

அவருடைய மேசையில் எங்கள் பட்டறையில் செய்த பை கொக்கிகள், பெல்ட் பக்கிள்கள் எல்லாம் ஒரு தட்டில் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து மாட்டி, கழற்றி, மாட்டிக்கொண்டு நின்றேன். இவற்றில் பாதி நான் வரைந்தவை.

"சரி, சாம்பிளுக்கு ஒரு அச்சு, ஒரே ஒரு டை மட்டும் அடிச்சுப் பாரு. அதுக்கு மேல என்கிட்ட வராத" என்றார்.

வீட்டு விஷயத்தை ஆபீசில் அவிழ்த்துப்போட எனக்கு வராது. அப்பாவுக்கும் வராது. அவரிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

மார்ச் 6, வியாழன்

அம்மா மார்க்கெட் போயிருந்தாள். அப்பாவிடம் தண்ணீர் கொடுத்தேன். "தாகமில்ல" என்றார். உதடு வெடித்திருந்தது.

காரணம் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் இடுப்பில் இருப்பதை அவிழ்க்கவும் மறுபடி கட்டவும் இரண்டு கை வேண்டும். அம்மா இல்லாத நேரத்தில் இரண்டாவது கை என்றால் நான்தான். அதற்கு அவர் நாக்கு வறண்டே கிடப்பார்.

போன மழைக்காலத்தில் ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து இடது கை சும்மா தொங்குகிறது. அதைப் பற்றி அவர்தான் ஜோக் அடிப்பார். "இவன் வித்தவுட். டிக்கெட் எடுக்காம கூடவே வர்றான்." பஸ் ஓட்டினவர் புத்தி எங்கே போகும்?

டெப்போவிலிருந்து நல்ல சேதி ஒன்று வந்திருக்கிறது. பஸ் புறப்படும் நேரத்தை மைக்கில் அறிவிக்கும் அறையில் ஓர் இடம். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நேரில் வந்து மேனேஜரைப் பாருங்கள் என்றார்களாம். அப்பாவின் முகத்தில் விளக்குப் போட்டது போல இருந்தது. பிறகு அணைந்தது. நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தால் பாத்ரூமுக்கு யார் வருவார்?

"எலாஸ்டிக் வெச்ச பேன்ட் வாங்கித் தரட்டுமா?" என்று மார்க்கெட்டிலிருந்து வந்த அம்மா ஆரம்பித்தாள்.

"காக்கியில எலாஸ்டிக்கா? நான் என்ன தவழ்ற பிள்ளையா? டெப்போவே சிரிக்கும்."

இவ்வளவு நாவல் படித்திருக்கிறேன். போரில் தோற்கிறார்கள், காதலில் தோற்கிறார்கள், கடலில் மூழ்குகிறார்கள். பேன்ட்டை மேலே இழுத்து நிறுத்த முடியாமல் தோற்றவர் ஒருவரைக்கூடப் படித்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இடது கையைத் துண்டால் உடம்போடு கட்டிக்கொண்டு பாத்ரூமில் பரீட்சை. கட்டுவதற்கே பல்லால் இழுக்க வேண்டியிருந்தது.

முறை இதுதான். சஸ்பெண்டரைப் பேன்ட்டோடு முதலிலேயே மாட்டிவிட வேண்டும். உட்கார்ந்து கால் நுழைத்து, எழுந்து, தளர்வாக இருக்கும் பட்டையைத் தோளில் போட்டு, முனையைக் கீழே இழுத்தால் இறுகும். பக்கிளில் இருக்கும் பல் பட்டையைக் கவ்விக்கொள்ளும். கழற்ற வேண்டுமென்றால் கட்டைவிரலால் லிவரைத் தூக்கினால் போதும்.

பட்டறையில் கிடந்த பழைய லிவர் ஒன்றை வைத்துப் பார்த்ததில் லிவர் ரொம்பக் குட்டை. விரல் வழுக்குகிறது. நீளம் கூட்ட வேண்டும், நுனியை லேசாக மடிக்க வேண்டும்.

"உள்ள என்னடி பண்ற இவ்வளவு நேரம்?" — அம்மா.

"குளிக்கிறேன்."

"தண்ணி சத்தமே கேக்கல?"

மார்ச் 12, புதன்

வரைபடத்தை டை அடிப்பவரிடம் கொடுத்தேன். பட்டறையில் அவருக்குப் பெயர் அரைமில்லி. எதைக் கேட்டாலும் "அரை மில்லி அப்படி இப்படி இருக்கும்மா" என்பார். அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் வசதி. கம்ப்யூட்டரில் வரைந்ததன் மேல் பேனாவால் குறிப்பு எழுதினேன். பட்டையை எந்தப் பக்கம் இழுப்பது என்று ஓர் அம்புக்குறி, அதன் மேல் "இறுக்க." பல்லின் சாய்வை அதை வைத்துத்தான் அவர் முடிவுசெய்வார்.

"யாருக்கும்மா இது? கட்டைவிரலுக்குப் பல்லக்கு மாதிரி இடம் விட்டிருக்க?"

"சர்வருங்களுக்கு அண்ணே."

"குடுத்து வெச்ச சர்வருங்க."

மார்ச் 14, வெள்ளி

அரைமில்லி போன் செய்தார். பக்கத்தில் பிரஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பாதி காதில் விழவில்லை. அம்பைப் பற்றித்தான் கேட்டார். ஆமாம், அதேதான் என்று கத்தினேன். சந்தேகம் வந்தால் கேட்கிற மனிதர். நிம்மதி.

மார்ச் 20, வியாழன்

சாம்பிள் வந்துவிட்டது! இரண்டு பக்கிள். கையில் கனம் தெரியவில்லை. இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. லிவரைத் தூக்கினேன், விட்டது. இன்று யாரோடும் பேசத் தோன்றவில்லை. பேசினால் சந்தோஷம் கொட்டிப்போகும் போல.

மார்ச் 22, சனி

அப்பாவிடம், "ஆபீஸ்ல புதுசா பண்றோம், போட்டுப் பார்த்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றுதான் கொடுத்தேன். உங்களுக்காகச் செய்தேன் என்று சொன்னால் கையால் தொடமாட்டார்.

"இதுக்குப் பேரு என்ன?"

"சஸ்பெண்டர்."

"சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூட சஸ்பெண்ட் ஆகாதவன்டா நான். கடைசியில இப்படி மாட்டிவிட்டுட்டியே கண்டக்டர்!" சின்ன வயதில் அவர் முதுகில் ஏறிக்கொண்டு "போலாம் ரைட்" சொல்வேனாம். அன்றிலிருந்து நான் கண்டக்டர்.

கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அம்மாவும் வெளியே நின்றோம். பட்டையை இழுக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தது போலச் சத்தம் கேட்டது. புதுசு, பழகினால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன். கதவு திறந்தது. காக்கி பேன்ட். தானே போட்டது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் நழுவவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மார்ச் 24, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

லீவு போட்டுவிட்டு டெப்போவுக்கு அவரோடு கிளம்பினேன். "பின்னால வா. பக்கத்துல வராத. கேட் தெரிஞ்சதும் நின்னுரு." சரி என்றேன். வலது கையில் கைத்தடி, முன்னால் அவர். சட்டையை மேலே விட்டிருந்தார். பட்டை வெளியே தெரியக் கூடாதாம்.

மருந்துக்கடை தாண்டும்போது பேன்ட்டின் கால்முனை ஷூ மேல் மடிந்து விழுவதைப் பார்த்தேன். முதலில் என் கண் என்று நினைத்தேன். இன்னும் நாலடி. இன்னும் மடிந்தது. அடி வைக்க வைக்கப் பட்டை இறங்கிக்கொண்டே இருந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது. நின்றார்.

ஒரே கை. தடியை விட்டால் விழுவார். விடாவிட்டால் — 

சாத்தியிருந்த ஒரு கடையின் ஷட்டரில் தோளைச் சாய்த்து முட்டுக்கொடுத்துக்கொண்டார். தடியைக் கீழே விட்டார். பேன்ட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கமாக வந்த ஓர் அம்மாள் தடியை எடுத்து, "இந்தாங்க, விழுந்துருச்சு" என்று நீட்டினாள். நல்ல மனசோடுதான் நீட்டினாள். அப்பாவிடம் அதை வாங்கக் கை இல்லை. அவள் நீட்டியபடியே நிற்க, அவர் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே நிற்க —

நான் ஏன் ஓடலை? பக்கத்துல வராதேன்னு சொன்னார்னா? அதுக்காக? கால் வரலை. அவ்வளவுதான். வரலை.

பிறகு போனேன். தடியை வாங்கினேன். சைக்கிள் பழகுகிறவனின் சீட்டைப் பிடிப்பதுபோலப் பின்னாலிருந்து பேன்ட்டை இழுத்துப் பிடித்தேன். டெப்போ கேட் அங்கிருந்தே தெரிந்தது.

"ரிவர்ஸ் எடு" என்றார். வீடு வரும் வரைக்கும் பிடியை விடாமல் பின்னாலேயே நடந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல் தலைகீழாகச் சாய்ந்திருக்கிறது. பட்டை முனையை இழுத்து இறுக்கும்போது கடிக்கிறது, பேன்ட்டின் கனம் கீழே இழுத்தால் வழிவிடுகிறது. சனிக்கிழமை நின்றது புதுப் பல்லின் சொரசொரப்பான பிசிரில். நடந்ததும் பிசிர் தேய்ந்துபோயிற்று.

அரைமில்லி வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். என் கையெழுத்துதான். "று"வின் வால், பக்கத்தில் ஓடும் அளவுக்கோட்டோடு கலந்து காணாமல் போயிருக்கிறது. அம்பின் மேல் "இறக்க" என்று இருக்கிறது. பட்டை இறங்கும் பக்கம் அதுதான் என்று எடுத்து, அங்கே கடிக்கும்படி பல்லைச் சாய்த்திருக்கிறார்.

"எனக்கே டவுட்டுதாம்மா. அதான் போன் போட்டேன். இறக்கத்தானே இந்தப் பக்கம்னு கேட்டேன். ஆமா, அதேதான்னு சொன்ன."

"எனக்கு இறுக்கத்தானேன்னு கேட்டுச்சு அண்ணே."

அவர் காகிதத்தை மடித்தார். "ஒரு வால்ல போச்சேம்மா" என்றார். யாரைக் குறை சொல்வது? பிரஸ் மெஷினையா?

இறுக்க, இறக்க. ஒரு சுழிதான். பள்ளியில் இந்த மாதிரிச் சொற்களை வரிசையாக எழுதிப் பொருள் கூறச் சொல்வார்கள். இறக்க என்றால் கீழே கொண்டுவர, உயிர் போக. இடையின ரகரம் போட்டால் பிச்சை கேட்க. எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

முதலாளி: "டையைத் திருத்துறதெல்லாம் வேண்டாம். கம்பி பக்கிளே போதும்னு ஹோட்டல்காரங்க ஓகே பண்ணிட்டாங்க. சிம்பிளா கேட்டா சிம்பிளா குடும்மா, நான் அப்பவே சொன்னேன்ல?"

சொன்னார்தான்.

"இன்னும் ஒரு தடவை மட்டும் சார்" என்றேன். "யாருக்கும்மா?" என்றார். இந்த முறை உண்மையாகவே கேட்டார், குரல் இறங்கியிருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

நான் கேட்காமலேயே அரைமில்லி நேற்று இரண்டு பக்கிளின் பல்லையும் கழற்றித் திருப்பிச் சாய்த்து அராவிக் கொடுத்தார். "அரை மில்லி அப்படி இப்படி இருக்கும். ஆனா விடாது." ஸ்டூலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், அம்மாவின் அரிசி வாளியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். விடவில்லை.

அப்பா எதிரில் வைத்தேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி பண்ணியாச்சுப்பா. போன தடவை பல்லுதான் தப்பு."

"ஆபீஸ் சாமான் ஆபீஸ்லயே இருக்கட்டும் கண்டக்டர்."

"வீட்டுக்குள்ள மட்டும் போட்டுப் பாருங்களேன்."

பக்கத்தைப் புரட்டினார். ஒரு கையால் பேப்பர் புரட்டுவது எவ்வளவு நேரமாகும் வேலை என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பிறகு சொன்னாள்: "சர்வருக்குப் பண்ணதுன்னு அவர் நம்புறாருன்னா நினைக்கிற? முதல் நாளே என்கிட்ட சொன்னார், என் கட்டைவிரல அளந்து செஞ்ச மாதிரி இருக்குன்னு. அதனாலதான்டி இப்போ தொடமாட்டேங்கிறார். மறுபடி நழுவிட்டா உன் முகத்த யார் பாக்கிறது?"

ஏப்ரல் 8, செவ்வாய்

மைக் அறைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அப்பாவை டெப்போவுக்கு வண்டி வைத்தாவது அழைத்துப் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் வந்திருக்கமாட்டார் என்றும் தோன்றுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு பை ஜிப்புக்கு ஒரு கைப்பிடி வரைந்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றார் முதலாளி.

ஏப்ரல் 26, சனி

காலையில் அப்பாவே, "டெய்லர் கடை வரைக்கும் வா" என்றார். பின்னால் வா என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே நடந்தேன். காக்கி பேன்ட்கள் எல்லாம் ஒரு பையில், பை என் கையில்.

"எல்லாத்துக்கும் எலாஸ்டிக் வெச்சுருங்க" என்றார் டெய்லரிடம்.

டெய்லர் ஒன்றை விரித்து இடுப்பைத் தடவிப் பார்த்தார். "எலாஸ்டிக் வெச்சா இந்த பெல்ட் லூப்புக்கு வேலை இல்ல சார். இருக்கட்டுமா, பிரிச்சுரவா?"

"பிரிச்சுருங்க. பஸ்ஸே வராது, ஸ்டாப்பிங் எதுக்கு?"

டெய்லர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். என்னைப் பார்த்தார், நானும் சிரிக்கிறேனா என்று. சிரித்தேன். பிளேடை எடுத்து ஒவ்வொரு லூப்பாக டெய்லர் பிரித்தார். தையலுக்கு அடியில் இருந்த காக்கி மட்டும் வெளுக்காமல் புதிதாக இருந்தது.

மே 17, சனி

அப்பா இப்போது பேன்ட்டைத் தானே போட்டுக்கொள்கிறார், தானே கழற்றுகிறார். நாங்கள் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்கிறார். சாயங்காலம் நடக்கப் போகிறார், டெப்போ இருக்கும் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம். சர்வர்களுக்கான கம்பி பக்கிள்கள் முழுவதும் அனுப்பியாகிவிட்டது. லிவர் பக்கிளின் டையை நேற்று பழைய இரும்போடு எடைக்குப் போட்டார்கள்.