லாரியில் ஏறாத பன்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

நான் வேலை செய்யும் பெக்கான் நானாஸ் பன்றிப் பண்ணையில் நேற்று ஒரு சின்ன விஷயம். நல்ல சதைப்பற்றுள்ள பன்றி ஒன்று, லாரியில் ஏற்றும்போதே உடம்பு கொதித்து, கட்டையாக விறைத்துச் செத்தது.

"சதை நிறைய போடுற பன்னிக்கு இது பரம்பரையா வரும் லா. சில குடும்பத்துல மனுஷங்களுக்கும் மயக்க மருந்து குடுத்தா இப்படி ஆகும்," என்றார் மாட்டு டாக்டர் மதிவாணன்.

தம்பி பிரையனும் ஆபரேஷன் மேசையில் அப்படித்தானே கொதித்து விறைத்துப் போனான்.

உங்கள் முழங்கால் ஆபரேஷனுக்கு முன் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தம்பியின் படம் ஒன்றையும் அனுப்புங்கள். இங்கே பேச ஆளில்லை.

லாரி வந்துவிட்டது.

உங்கள் மகன்
செபஸ்தியன்

அம்மா, ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய அன்று காலை பசிக்கிறதென்று அவன் அழுதபோது நீங்கள் ஊட்டிய கஞ்சி அவனைக் கொல்லவில்லை. நம் இரத்தம்தான்.