ஐந்தாவது விதி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் அத்தானும் நலம்தானே? மிட்டுவை அவள் அப்பா கொண்டுவந்து விட்டுவிட்டு மறுநாளே திரும்பிவிடுவார். இங்கே கோடை விடுமுறை இரண்டு மாதமும் அவள் உன் பொறுப்பு. எட்டு வயதில் முதல் முறையாக என்னை விட்டு இருக்கப்போகிறாள். கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன், சிரிக்காமல் படி. எட்டு மணிக்குத் தனியாகப் படுப்பாள். ஊட்டிவிட வேண்டாம். அறைக்குள் போகும்முன் கதவைத் தட்ட வேண்டும். பெரியவர் துணையில்லாமல் வெளியே அனுப்பக் கூடாது. ஐந்தாவதுதான் முக்கியம்: அவளைக் கேட்காமல் யாரும் தூக்கவோ முத்தம் கொடுக்கவோ கூடாது. இந்த நாட்டுப் பள்ளியிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் தங்கச்சி

ஜூன் 19

என் தங்கத்துக்கு,

உன் சட்டதிட்டம் வந்து சேர்ந்தது. தையல் மெஷினுக்கு மேலே குண்டூசி குத்தி மாட்டியிருக்கிறேன். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். இந்த வீட்டில் கதவு உள்ள ஒரே அறை குளியலறை. நான் எதைத் தட்டுவது? மிட்டுதான் வழி கண்டுபிடித்தாள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று வாயாலேயே "டக் டக்" என்கிறாள். இப்போது உன் அத்தானும் "டக் டக்" சொல்லித்தான் உள்ளே வருகிறார்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வந்து இறங்கியதும் நீ சொன்னபடியே, "பெரியம்மா உன்னைக் கட்டிப்பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இப்ப வேணாம்" என்றாள். எனக்கு முகம் செத்துவிட்டது. உன்னை நாங்கள் வளர்க்கவில்லையா? கேட்டுக் கேட்டா தூக்கினோம்?

உன் அக்கா

ஜூலை 2

அக்கா,

நேற்று போனில் மிட்டு எங்கே என்று கேட்டேன். "தெருவுல யார் வீட்டுலயாவது இருப்பா, பசிச்சா வந்துடுவா" என்றாய். யார் வீடு என்றால் தெரியாது என்றாய். அவள் வந்து போனை வாங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் தேதி நானே வந்து கூட்டிப்போகிறேன். இனி அனுப்ப மாட்டேன்.

ஜூலை 14

தங்கச்சி,

வந்தாய், பெட்டியை எடுத்தாய், வாசலோடு கிளம்பிவிட்டாய். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறாள் என்று தெரியாமல் இருந்தது என் தப்புதான்.

ஆனால் நீ வருவதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்ல நீ இடமே கொடுக்கவில்லை. பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற வந்த ஒருவர் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அது நெளிந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். மிட்டு எழுந்து போய், "அவகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"குழந்தைகிட்ட என்னம்மா கேக்கறது?"

"அவளுக்குப் புடிக்கல. விடுங்க."

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றுவிட்டது. நம் பழைய வீட்டு மாடிக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். ஆறு வயதில் அவரைக் கண்டாலே நீ கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாய். "பெரியவர் ஆசையா கூப்பிடறார், அடம் பிடிக்காதே" என்று உன்னை இழுத்துக்கொண்டு போய் அவர் மடியில் உட்கார வைத்தது நான்தான். அப்போது எனக்குப் பதினாறு வயது, ஒன்றும் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதிலும் தெரியாமல்தான் உன் தாளை மாட்டி வைத்துச் சிரித்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் அக்கா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் மடித்தே வைத்திருந்தேன். அதெல்லாம் உனக்கு ஞாபகமே இருக்காது என்று நினைத்திருந்தேன். மிட்டுவின் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

இங்கே மிட்டு என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். இந்தத் தெருவில் எல்லாக் கதவும் ஏன் சாத்தியே இருக்கிறதாம்? பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்று எனக்கே தெரியாது. நேற்று அவளே போய்த் தட்டிவிட்டாள், நானும் பின்னாலேயே போனேன். கடைசி வாரம் முழுக்க உன்னைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாளாமே? "பெரியம்மா கேட்டாங்களா?" என்றேன். "இல்ல, நான்தான் பெரியம்மாகிட்ட கேட்டேன்" என்றாள்.

அடுத்த ஜூனில் இரண்டு பேரும் வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. வந்து இறங்கியதும் மிட்டுவிடம் கேட்டதை என்னிடமும் கேள். என்னை இதுவரை யாரும் கேட்டதே இல்லை, அக்கா.

உன் தங்கச்சி