அரசனை ஏரிக்கரையில் நிறுத்திய உடன்படிக்கை

நலம் விளைக. வடபுலத்து வயல்களில் மழை வேண்டும் அளவே பெய்க. அந்நாட்டுக் குடிகள் நோயும் பகையும் இன்றி நெடிது வாழ்க.

மூன்று மலைகளுக்கும், கோடையில் காணாமற்போகும் ஓர் ஆற்றுக்கும் தலைவனும், புலவர் சூட்டிய பட்டங்களுள் பாதியைப் பொருள் அறியாமலே சுமப்பவனும், மணிக்கோட்டு நாட்டு அரசனுமாகிய இளங்காரி வளவன், எரிவளி ஊற்றுகளுக்கு உடையவரும் வடபுல மாவேந்தருமாகிய வயப்புலியார் திருமுன் விடுத்த ஓலை.

தங்கள் ஊற்றுகளில் மண்ணைப் பிளந்து எழும் எரிவளியைச் செப்புக் குழாய் வழியே எம் நாட்டின் ஊடாகத் தென்கடல் துறைமுகம்வரை கொண்டுசெல்லத் தாங்களும் யாமும் சென்ற வேனிலில் தங்கள் மாளிகையில் உடன்பட்டோம். அதனை எம் அவைக்கு மறைத்தோம். அரச தந்திரம் என்று எமக்கு யாமே காரணம் கூறிக்கொண்டோம். உண்மையில், திருவிழா நாளில் எண்ணெயும் திரியும் இல்லாமல் தலைநகரின் விளக்கெல்லாம் எரிய, குடிகள் முதலில் விளக்கையும் பிறகு எம்மையும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதே எம் ஆசை.

தங்கள் நில அளவையர் காவலரோடு வந்து சிவப்புத் துணி கட்டிய முளைகளை நெல்வாயில் வயல்களிலும் ஏரிக்கரையிலும் அடிக்கும்வரை அம்மறை காக்கப்பட்டது. நெல்வாயில் கோட்டத்துத் தலைவியார் ஆதிரைநங்கை எம் அவையில் எமக்கு எதிர்வரிசையில் அமர்பவர். எம் நகைச்சுவைக்கு இன்றுவரை ஒருமுறையும் சிரித்தறியாதவர். அவர் எழுந்து, அம்முளைகள் எதற்காக என வினவினார். வசந்த விழாவுக்குத் தோரணம் கட்டுவதற்காக என்று விடையிறுத்தோம். அவர் அமர்ந்தார். எம் சமயோசிதத்தை எண்ணி அன்று முழுதும் மகிழ்ந்திருந்தோம்.

நெல்வாயிலார் அம்முளைகளில் உண்மையாகவே தோரணம் கட்டி, விழா எடுத்து, எம்மை அழைத்துவிட்டனர். போகாதிருக்க வழியில்லை. முரசு முழங்க, குடை நிழலில் நடந்து, கோயிலுக்குச் செல்ல ஏரிக்கரையில் கால் வைத்தோம். அங்கே நின்ற தங்கள் காவலன் ஒருவன் வேலைக் குறுக்கே நீட்டினான்.

“இதுக்கு மேல போகக் கூடாதுங்க.”

எம் கட்டியக்காரன் எம் பட்டங்களை ஒன்றுவிடாமல் ஓதினான். முடியும்வரை அக்காவலன் பொறுமையாகக் கேட்டான்.

“எல்லாம் சரிதாங்க. ஆனா குழாய் போற நிலம் இனி எங்க ராசாவோடது. உங்க ராசாவே முத்திரை போட்டுக் கொடுத்துட்டாரு. அனுமதி இருந்தா காட்டுங்க.”

அந்த விதி உடன்படிக்கையில் இருக்கத்தான் செய்தது. தங்கள் விருந்தில், தங்கள் மொழி எமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பெருமை பேசிவிட்டு, அம்மொழியில் தங்கள் எழுத்தர் படித்த வரிக்கெல்லாம் தலையாட்டி முத்திரையும் இட்ட எமக்குத்தான் அது தெரியாமற்போயிற்று.

பின்னால் ஊரே நின்றது. ஒருவரும் நகைக்கவில்லை. நகைத்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். குடத்தோடு நின்ற பெண்களைக் காட்டி ஆதிரைநங்கை தாழ்ந்த குரலில் கேட்டார்: “இவங்க தண்ணிக்கு நாளைக்கும் இந்தக் கரையைத் தாண்டணும். யாருகிட்ட போய்க் கேக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க.”

பட்டாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்று வழியே ஏரியைச் சுற்றிக் கோயிலை அடைந்தோம். அன்று தெய்வத்திடம் எதை வேண்டினோம் என்பதும் நினைவில்லை.

மறுநாள் அவையில் அவ்வுடன்படிக்கையை எம் மொழியில் பெயர்த்துப் படிக்கச் செய்தோம். குழாய் வழியில் எவரும் நிலம் உழுதல் ஆகாது. குழாய் உடைந்தால் அவ்வூரே பொறுப்பு. அதுபற்றி எம் அறங்கூறவையம் விசாரிக்கலாகாது. இவற்றை எவர்க்கும் வெளியிடலாகாது. படிக்கப் படிக்க, உடன்படுமாறு எமக்கு ஆலோசனை கூறிய அமைச்சர்கள் விதானத்துச் சித்திரங்களை ஆராயத் தலைப்பட்டனர். யாம் விளக்குகளைப் பற்றி ஏதோ தொடங்கினோம். ஆதிரைநங்கை இடைமறித்தார்.

“விளக்கு வேண்டாம்னு நாங்க சொல்லலை. வடபுலத்து சனங்களும் எங்களுக்குப் பகை இல்லை. எங்க காலடியில என்ன போகுதுன்னு எங்களைக் கேக்காம, எங்க பேருல ஒருத்தர் தலையாட்டிட்டு வந்தா அது யாரோட உடன்படிக்கை?”

உடன்படிக்கையை நீக்க வேண்டுவோர் எழுந்து நிற்குமாறு கூறப்பட்டது. எம் அமைச்சர்களும் எழுந்தனர். அமர்ந்திருந்தவன் யாம் ஒருவனே. பின்னர் யாமும் எழுந்தோம். அதனை வீரம் என்று எம் புலவர் பாடியிருக்கிறார். அரியணையைப் பற்றிக்கொண்டு எழுந்ததை அவர் பாடவில்லை.

ஆகவே அவ்வுடன்படிக்கை எம் நாட்டில் செல்லாது என அறிக. தங்கள் காவலரையும் அளவையரையும் கார்காலத்துக்கு முன்னே திரும்ப அழைத்துக்கொள்க. முளைகளை மரியாதையுடன் அனுப்புகிறோம். ஆடுகள் கடித்தவற்றுக்குப் பொறுத்தருள்க. மீண்டும் பேச விரும்பின் தங்கள் தூதர் எம் அவைக்கே வருக. இரு மொழியிலும் எழுதி, யாவரும் கேட்கப் படித்த பின்னரே எதுவும் முடிவாகும்.

தாங்கள் சினந்து படையோடு வருவதும் கூடும். அவ்வச்சம் எமக்கு உண்டு, மறைக்கவில்லை. அப்போது நெல்வாயிலார் எம் பொருட்டு நிற்கமாட்டார்கள், தம் ஏரியின் பொருட்டே நிற்பார்கள். அவர்கள் வரிசையில் எமக்கும் ஓர் இடம் கேட்டுப் பெற்றிருக்கிறோம்.

எம் எல்லைத் தலைவனுக்கும் இதனாலே கட்டளை: திரும்பிச் செல்லும் காவலர்க்கு வழியுணவு தருக, ஒருவர்மீதும் கை படாதிருக்க.

அரச இலச்சினை இப்போது அவையின் சார்பில் ஆதிரைநங்கையாரிடம் உள்ளது. இவ்வோலையை அவரிடம் கொண்டுசென்றோம். எம்மை யாமே புகழ்ந்திருந்த வரிகள் சிலவற்றை நீக்குமாறு பணித்தார், நீக்கினோம். வாசலில் சிறிது நேரம் காத்திருக்கச் செய்து, இலச்சினை இட்டுத் தந்தார்.

இது அவையின் ஆணை. அரசன் உட்பட யாவரும் கீழ்ப்படிக.